தேர்வுக்குப் பதினைந்து நாள்: ஓட்டில்லாத மாணவர்கள் செய்த அரசியல்

காலேஜ் மூன்றாம் வருஷம் படிக்கும்போது நானும் இரண்டு நண்பர்களும் ஒரு வேலை செய்தோம். கேன்டீன் பக்கத்து வேப்பமரத்தடியில் ஒரு மேஜை, நாலு பேனா, ஒரு கட்டு ஃபார்ம் 6. பதினெட்டு வயது முடிந்தவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கிற வேலை. கட்சி கிடையாது, கொடி கிடையாது. அப்படியும் முதல் வருஷத்துப் பையன் ஒருத்தன் மேஜையைப் பார்த்ததும் ரெண்டடி பின்னால போய், "அண்ணே, அரசியலாண்ணே? எங்க வீட்ல திட்டுவாங்க" என்றான். ஃபார்மை வாங்கிப் பார்த்தான், மடித்தான், திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன்மேல் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் அதே வசனம்தான். "படிக்கிற புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" மதுரையில் இந்தக் கேள்விக்கு வயசு குறைந்தது எண்பது வருஷம் இருக்கும். அதைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனபோது நான் வந்து நின்ற இடம் கோரிப்பாளையம். டவுன் பஸ்ஸில் தினமும் கடந்துபோகிற, சிவப்புச் செங்கல் கட்டடங்கள் கொண்ட அமெரிக்கன் கல்லூரி. பசுமலையில் 1881இல் கல்லூரியாகி, 1909இல் வைகைக்கு வடகரையில் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது. அங்கே 1937இல் ஒரு பையன் சேர்ந்தான். பிற்பாடு எல்லாரும் தோழர் என்.எஸ். என்று கூப்பிட்ட என். சங்கரய்யா.

1937இல் காலேஜ் சேர்வது

அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் பிறந்து, மதுரையில் பள்ளிப்படிப்பை முடித்து, அமெரிக்கன் கல்லூரிக்கு வந்தவர் சங்கரய்யா. அந்தக் காலத்தில் இண்டர்மீடியட் இரண்டு வருஷம், பி.ஏ. இரண்டு வருஷம். அவர் எடுத்த பாடம் வரலாறு.

அவர் சேர்ந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1935ஆம் வருஷச் சட்டப்படி நடந்த மாகாணத் தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்து, 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தில் ராஜாஜி ஆட்சிக்கு வருகிறார். ஜீவானந்தம் 'ஜனசக்தி' பத்திரிகை ஆரம்பித்ததும் அதே 1937தான். முந்தின வருஷம் ஆகஸ்டில் லக்னோவில் அகில இந்திய மாணவர் பெருமன்றம் உருவாகிவிட்டது. துவக்கிவைத்தவர் நேரு, தலைமை வகித்தவர் ஜின்னா. பத்து வருஷம் கழித்து நாடே எந்த இரண்டு பேரை வைத்துப் பிளந்ததோ, அந்த இரண்டு பேரும் மாணவர்களுக்காக ஒரே மேடையில் உட்கார்ந்திருந்த காலம் அது.

1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று உத்தரவு வந்தது. மாகாணம் முழுக்கப் போராட்டம் நடந்து, 1940 பிப்ரவரியில் அந்த உத்தரவு போனது. நடுவில் 1939 ஜூலை 8ஆம் தேதி, மதுரை வைத்தியநாத அய்யர் தலித் மக்களையும் நாடார் சமூகத்தவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். உள்ளே போனவர்களில் பிறகு அமைச்சரான கக்கனும் ஒருவர். அதற்கடுத்த செப்டம்பர் மாதம் சுபாஷ் சந்திர போஸ் மதுரை வந்தார். அதே செப்டம்பரில்தான், இந்தியர் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று வைஸ்ராய் அறிவித்தார். அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை விலகியது.

இதெல்லாம் ஒரு பையன் இண்டர்மீடியட் சேர்ந்து பி.ஏ. முதல் வருஷம் வருவதற்குள் நடந்துவிட்டன. பாடப்புத்தகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்த பையனுக்கு வாசலிலேயே வரலாறு நடந்துகொண்டிருந்தது. "படிப்பை மட்டும் பாருடா" என்று அவனிடம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆள் சேர்ப்பது என்றால் என்ன

கல்லூரியில் படிக்கும்போதே மதுரை மாணவர் சங்கத்தின் செயலாளர் ஆனார் சங்கரய்யா. செயலாளர் என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிடக் கூடாது. நோட்டீஸ் எழுதுவது, அச்சுக்குக் காசு தேற்றுவது, கூட்டத்துக்கு இடம் கேட்பது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவனை அடுத்த நாள் மறுபடியும் போய்ப் பார்ப்பது. எந்தக் காலத்திலும் மாணவர் சங்கச் செயலாளருக்கு உண்டான வேலை இதுதான். வேப்பமரத்தடியில் மூன்று நாள் உட்கார்ந்ததற்கே எனக்கு இது புரிந்துபோனது.

ஆனால் எங்கள் மேஜைக்கும் அவர் காலத்துக்கும் இரண்டு பெரிய வித்தியாசங்கள் உண்டு.

முதலாவது, ஓட்டு. 1937இல் எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் கொடுத்தார்கள். பெரும்பாலான ஜனங்களுக்கு அது இல்லை, காலேஜில் படிக்கும் பதினெட்டு வயசுப் பையனுக்கும் இல்லை. ஆக, மாணவனும் அவன் போய்ப் பேசுகிற மில் தொழிலாளியும் ஒரு விஷயத்தில் சமம். ரெண்டு பேருக்குமே சட்டசபையில் யார் உட்கார வேண்டும் என்று சொல்ல வழியில்லை. மிச்சமிருந்தது பேச்சு, ஊர்வலம், வேலைநிறுத்தம்.

இரண்டாவது, தடை. கம்யூனிஸ்ட் கட்சி 1934லிருந்து 1942 ஜூலை வரை தடை செய்யப்பட்ட கட்சி. 1940இல் மதுரையில் கட்சிக் கிளை தொடங்கியபோது அதிலிருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேர்தான். அவர்களில் ஒருவர், அப்போது பி.ஏ. படித்துக்கொண்டிருந்த சங்கரய்யா. மாணவர் சங்கம் எல்லாருக்கும் தெரிந்து நடப்பது. கட்சி யாருக்கும் தெரியாமல் நடப்பது. வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் யோசிக்க வேண்டியிருந்த நிலைமை. போர்க்காலம் வேறு. இந்தியப் பாதுகாப்புச் சட்டம் இருந்ததால் விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்க முடியும். எங்கள் மேஜைக்கு வந்த பையன் வீட்டில் திட்டு விழும் என்று பயந்தான். அன்றைக்கு இருந்த பயம் அந்த ரகம் இல்லை.

அந்தப் பதினைந்து நாள்

1941 பிப்ரவரி. பி.ஏ. இறுதித் தேர்வுக்குச் சுமார் பதினைந்து நாள்தான் பாக்கி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கைதானதைக் கண்டித்து மதுரையில் எதிர்ப்புக் கிளம்பியது. அதற்காக சங்கரய்யா கைது செய்யப்பட்டார்.

இந்தத் தகவலை முதல்முறை படித்தபோது நான் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டேன். சிதம்பரம் எங்கே, மதுரை எங்கே? கைதானவர்கள் இவர் காலேஜ் பையன்கள் இல்லை. இவர் பேசாமல் இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு படித்திருந்தால் யாரும் தப்பாகப் பேசியிருக்க மாட்டார்கள். 1941இல் பி.ஏ. பட்டம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு குடும்பத்தின் கதையே அதோடு மாறும். பரீட்சை எழுதிவிட்டு ஏப்ரலில் ஒரு கண்டனக் கூட்டம் போட்டிருக்கலாமே என்று எனக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. உள்ளே போனவர்களுக்கு யார் ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கச் சொல்வது?

பதினெட்டு மாதம் சிறை. பரீட்சை போனது. மதுரை, வேலூர், ராஜமுந்திரி என்று சிறைகள் மாறின. வேலூரில் அதே சமயம் கைதியாக இருந்தவர்களில் காமராஜரும் ஒருவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரப்போகிறார்.

1942இல் வெளியே வந்ததும் யாராக இருந்தாலும் காலேஜுக்குப் போய் விட்ட பரீட்சையை எழுதுவோம். சங்கரய்யா மாணவர் சம்மேளனத்தின் மாநிலப் பொறுப்புக்குப் போனார். அது வெள்ளையனே வெளியேறு போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஊர் ஊராக மாணவர்களைத் திரட்டப் போய், திருநெல்வேலியில் மறுபடி கைது. இந்தத் தடவை கண்ணூர் சிறை. கையூர் வழக்கில் மரண தண்டனை பெற்ற நான்கு விவசாயத் தோழர்கள் 1943 மார்ச் 29ஆம் தேதி தூக்கிலிடப்பட்டது அந்தச் சிறையில்தான். இருபது வயதைத் தாண்டியிருந்த ஒரு மாணவர் தலைவர் அப்போது அதே சிறைக்குள் இருந்தார். அதற்கப்புறம் விட்டுப்போன பி.ஏ. பரீட்சை அவருக்கு என்னவாகத் தெரிந்திருக்கும்? 1944இல் வெளியே வந்து மதுரை ஜில்லா கட்சிச் செயலாளரானார். 1946இல் பி. ராமமூர்த்தி முதலானவர்களோடு மதுரை சதி வழக்கில் கைதாகி, விடுதலையானது 1947 ஆகஸ்ட் 14. நாடு விடியப்போகிற ராத்திரிக்கு முந்தின பொழுது.

1965: அடுத்த தலைமுறை

மதுரை மாணவர் அரசியல் என்றதும் நிறையப் பேருக்கு உடனே நினைவு வருவது 1965. அதற்குள் ஊர் மாறியிருந்தது. லேடி டோக் 1948இல் வந்துவிட்டது. தியாகராசர் கல்லூரி 1949, மருத்துவக் கல்லூரி 1954. 1941இல் காலேஜ் மாணவன் என்றால் நகரத்தில் ஒரு சிறு கூட்டம். 1965இல் ஒரு வீதியை நிறைக்கிற கூட்டம்.

1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்கிற நிலை வரவிருந்தது. முந்தின நாள், ஜனவரி 25, மதுரையில் மாணவர் ஊர்வலம். தியாகராசர் கல்லூரி மாணவர்களான கா. காளிமுத்துவும் நா. காமராசனும் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியான பதினேழாம் பாகத்தைக் கொளுத்திக் கைதானார்கள். வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகம் பக்கம் ஊர்வலம் போனபோது வாய்த்தகராறு முற்றி, மாணவர்கள் சிலர் வெட்டுப்பட்டார்கள். அப்புறம் குடியரசு தினத்துக்குப் போட்டிருந்த காங்கிரஸ் பந்தல் எரிந்தது. மதுரையில் பற்றியது மாநிலம் முழுக்கப் பரவியது. ஜனவரி 27இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். பிப்ரவரி 11இல் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். அன்றைக்கே பிரதமர் சாஸ்திரி ரேடியோவில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுக்க வேண்டிவந்தது.

1941இல் சிதம்பரத்து மாணவர்களுக்காக மதுரையில் ஒருவர் பரீட்சையை இழந்தார். 1965இல் மதுரையில் வெட்டுப்பட்டவர்களுக்காகவும் சேர்த்துத்தான் சிதம்பரம் கொதித்தது. இரண்டு போராட்டங்களும் வேறு, கொடிகளும் வேறு. ஆனால் 'அது வேற ஊரு, நமக்கென்ன' என்று இருக்க முடியாத குணம் ஒன்றுதான்.

அரிசியைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டது

1965 கதையை எழுதுகிற பலர் தீயோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த இரண்டு வருஷம். 1967 பிப்ரவரி பொதுத்தேர்தலுக்கு மாணவர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். ஊர்வலத்தில் நம்மைப்போல உள்ளவனே பக்கத்தில் நடப்பான், கோஷம் போட்டால் போதும். திருமங்கலம் தாண்டி ஒரு கரிசல் காட்டு ஊரில் போய், களையெடுத்துவிட்டு வருகிற அம்மாவிடம் ஆட்சிமொழி, பதினேழாம் பாகம் என்றால் அவர் என்ன சொல்வார்?

அந்த நேரத்தில் கிராமத்தின் கவலை அரிசி. 1965, 66இல் மழை பொய்த்து, உணவுத் தட்டுப்பாடு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது அதனால்தான். காலேஜில் மொழியைப் பற்றிப் பேசிப் பழகியவர்கள் ஊருக்குள் அரிசியைப் பற்றிப் பேசினால்தான் எடுபடும் என்றானது. மக்களிடம் போவது என்பதன் பாதி விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். நமக்கு எது முக்கியம் என்று சொல்லப் போகிறோம். அவர்களுக்கு எது முக்கியம் என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறோம்.

விருதுநகரில் காமராஜரை எதிர்த்து நின்றவர், மொழிப் போராட்டத்தில் இருந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். வித்தியாசம் 1,285 ஓட்டு. காமராஜர் தோற்றார். இதில் ஒரு கசப்பான முரணும் இருக்கிறது. 1967இல் இருபது வயதான ஒருவன், காமராஜர் முதலமைச்சரான 1954இல் ஏழு வயதுப் பையன். அவர் திறந்த பள்ளிகளிலும் அவர் கொண்டுவந்த மதிய உணவிலும் வளர்ந்த தலைமுறை அது. அந்தத் தலைமுறை காலேஜ் வரைக்கும் வந்து, அவரையே எதிர்த்துத் தெருத்தெருவாகப் பிரசாரம் செய்தது. நன்றிகெட்ட தலைமுறை என்று அப்போதும் திட்டினார்கள், இப்போதும் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்தறிவித்தவன் தன்னையே கேள்வி கேட்கிற ஆளையும் சேர்த்துத்தான் உண்டாக்குகிறான்.

அதே தேர்தலில் மதுரை மேற்கில் ஜெயித்து முதல்முறை சட்டமன்றம் போனவர், வேலூர்ச் சிறையில் காமராஜரோடு இருந்த சங்கரய்யா. கரூர் பக்கமோ கோவில்பட்டிப் பக்கமோ தொகுதி தேடிப் போகவில்லை. பரீட்சை எழுத விடாமல் தன்னைக் கொண்டுபோன அதே ஊரில் நின்று ஜெயித்தார். சட்டத்தைக் கொளுத்திய காளிமுத்து பின்னாளில் அமைச்சராகி, 2001இலிருந்து 2006 வரை அதே சட்டம் நடக்கிற சபைக்கு நாயகராகவும் இருந்தார். காமராசன் கவிஞரானார்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். 1967இல் ஓட்டுப்போட வயது 21. ஊர் ஊராக ஓட்டுக் கேட்டுப் போன காலேஜ் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஓட்டே கிடையாது! 1937இல் சேர்ந்த சங்கரய்யாவுக்கும் இல்லை, முப்பது வருஷம் கழித்து வந்தவர்களுக்கும் இல்லை. தன்னிடம் ஓட்டு இல்லாதவன் அடுத்தவனிடம் போய்ப் பேசித்தானே ஆகவேண்டும்? வேறு வழி இல்லாததால் பேசினார்கள். பேசியதால் ஜனங்களைத் தெரிந்துகொண்டார்கள்.

ஓட்டு வந்தது, பேச்சு போனது

61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989இல் அமலுக்கு வந்து ஓட்டு வயது 18 ஆனது. இப்போது வருஷத்துக்கு நாலு தகுதித் தேதிகள். பதினேழு வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளை சொந்த ஊர் முகவரியிலும் பதியலாம், ஹாஸ்டல் முகவரியிலும் பதியலாம், ஏதாவது ஒரு இடத்தில் மட்டும். இதையெல்லாம் வேப்பமரத்தடியில் நான் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பக்கம், கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் எப்படி நடக்கவேண்டும் என்று லிங்டோ குழு 2006இல் விரிவாகப் பரிந்துரை கொடுத்தது, உச்சநீதிமன்றமும் ஏற்றது. அப்படியும் நம்மூர்க் கல்லூரிகள் பலவற்றில் பையன்கள் ஓட்டுப்போட்டுத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது என்பது அப்பா காலத்துக் கதை. நாட்டுக்கு யார் பிரதமர் என்று முடிவு செய்யலாம், ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில் யார் என்று முடிவு செய்ய முடியாது. வன்முறை, சாதிச் சண்டை, கட்சிகள் பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது என்று இதற்குச் சொல்லப்படும் காரணங்களை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். 1965இல் அரிவாளும் இருந்தது, தீயும் இருந்தது. ஆனால் பேசவே பழகாத பிள்ளைகளை முதலில் பிடிப்பது யார்? சாதிச் சங்கத்து ஃப்ளெக்ஸ் பேனர்தான். காலேஜில் கூட்டம் போடக் கூடாது என்றால் அந்தக் கூட்டம் வேறு இடத்தில் நடக்கும், அவ்வளவுதான்.

வராத பட்டம்

சங்கரய்யாவுக்கு 2021இல் தமிழ்நாடு அரசு முதல் 'தகைசால் தமிழர்' விருது கொடுத்தது. பத்து லட்சம் ரூபாய். அதை அப்படியே முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கத் தீர்மானித்தது. வேந்தரான ஆளுநர் ஆர்.என். ரவி அதற்கு ஒப்புதல் தரவில்லை. நவம்பர் 2ஆம் தேதி பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் பொன்முடி புறக்கணித்தார். விழா நடந்தது, பட்டம் மட்டும் வரவில்லை. நவம்பர் 15ஆம் தேதி, நூறு வயதைக் கடந்த சங்கரய்யா சென்னையில் காலமானார்.

1941இல் பதினைந்து நாளில் நழுவியது, 2023இல் பதிமூன்று நாள் இடைவெளியில் கடைசியாகவும் நழுவியது. பட்டம் கொடுப்பதாக இருந்த பல்கலைக்கழகத்தின் பெயர் காமராசர் என்பதும் சேர்ந்துகொள்ள, மதுரைக்காரனான எனக்கு இதை வெறும் செய்தியாகப் படிக்க முடியவில்லை.

பரீட்சையை விட்டுவிட்டுப் போராடப் போங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. எழுதிவிட்டே போங்கள். அம்மா அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சங்கரய்யாவுக்கு அது என்ன விலைக்கு வந்தது என்று மேலே பார்த்தோம். ஆனால் "படிக்கிற புள்ளைக்கு எதுக்கு இது?" என்று கேட்கும்போது, அப்படிக் கேட்கிற நாமும் படிக்கிற புள்ளைகள் சிலர் இதைச் செய்ததால் கிடைத்த ஓட்டைத்தான் கையில் வைத்திருக்கிறோம் என்பது ஞாபகம் இருந்தால் போதும்.

அந்த முதல் வருஷத்துப் பையன் மூன்றாம் நாள் சாயங்காலம், நாங்கள் மேஜையை மடக்கும் நேரத்தில் திரும்பி வந்தான். கூட இன்னொருத்தன். "அண்ணே, இவனுக்கு ஒரு ஃபார்ம் குடுங்க. எனக்கும் குடுங்க" என்றான். வீட்டில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பேனாவை வாங்கிக்கொண்டான்.